தோற்கும் அணியோடு எத்தனை ஆண்டு இருப்பது?

நம் உறுப்பினர்களில் பலருடைய பிள்ளைகள் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றிருக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அவர்களோடு தொலைபேசியில் பேசும் பெற்றோர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். படிப்பு, சாப்பாடு, குளிர் என்ற வழக்கமான பேச்சுக்கு நடுவே கூடைப்பந்தும் வந்து சேர்ந்துகொள்ளும். இங்கே இருந்தவரை கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பாராத பையன், தன் பல்கலைக்கழக அணி தோற்றுவிட்டது என்று சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறான். அந்த அணி மூன்று வருடமாகவே தோற்றுக்கொண்டிருக்கிறது என்பது விசாரித்தால்தான் தெரிகிறது. "புதுப் பயிற்சியாளர் வந்திருக்கிறார், அணியைக் கட்டிக்கொண்டிருக்கிறார், பொறுக்க வேண்டும்" என்று அவனே நமக்குச் சமாதானமும் சொல்கிறான்.

ஆட்டம் நமக்குப் புதிதல்ல. 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் உண்டாக்கியது, ஒய்.எம்.சி.ஏ. வழியாக நம் நாட்டுக்கும் வந்தது. பள்ளிக்கூட நாட்களில் ஆடியவர்கள் நம் சங்கத்திலேயே இருப்பார்கள். நமக்குப் புதிது, அங்கே கல்லூரி ஆட்டத்துக்கு இருக்கும் மவுசுதான். முதல் பிரிவில் மட்டும் சுமார் 360 பல்கலைக்கழக அணிகள் ஆடுகின்றன. மார்ச் மாதத்தில் அவற்றில் 68 அணிகள் தேசியப் போட்டிக்குப் போகும். அங்கே ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்த அணி, அந்த 68-இல் ஒன்றாகக்கூட வர முடியாமல் போகும்போதுதான் ரசிகர்களுக்குச் சோதனை ஆரம்பமாகிறது.

நல்ல பயிற்சியாளரைக் கொண்டுவந்தால் உடனே சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது, அதற்குக் காரணம் இருக்கிறது. ஆடுகிறவர்கள் மாணவர்கள்; சாதாரணமாக நான்கு ஆண்டு ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். தொழில்முறை அணியைப் போல ஆட்களை விலைக்கு வாங்கி நிரப்ப, அண்மைக்காலம் வரை வழியில்லை. பயிற்சியாளர் ஊர் ஊராகப் போக வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் நன்றாக ஆடும் பையனின் வீட்டுக்கே போய், அப்பா அம்மாவிடம் பேசி, உதவித்தொகையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தோற்கும் அணிக்கு நல்ல பையன் வரமாட்டான். நல்ல பையன் வராமல் அணி ஜெயிக்காது. இந்தச் சிக்கலை அவிழ்த்து, தான் தேர்ந்தெடுத்த முதல் கூட்டத்தைக் களத்தில் இறக்குவதற்குள் பயிற்சியாளருக்கு இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். அந்தக் கூட்டமும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். எதிரே நிற்பவர்களுக்கு இருபத்திரண்டு. ஆகவே அஸ்திவாரம் விழுகிற ஆண்டில்தான் தோல்வியும் அதிகமாக இருக்கும். நம் சங்கக் கட்டிட நிதிக்கு ரசீதுப் புத்தகம் தூக்கி அலைந்த அன்பர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில் உள்ள டியூக் பல்கலைக்கழகம். 1978-இல் தேசிய இறுதியாட்டம் வரை போன அணி அது. அந்தப் பயிற்சியாளர் 1980-இல் வேறிடம் போய்விட, விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் அவருடைய இடத்துக்கு 33 வயதான மைக் ஷஷெவ்ஸ்கியைக் கொண்டுவந்தார். முந்திய ஆண்டில் ராணுவக் கல்லூரி அணிக்குப் பயிற்சி தந்து 9 ஆட்டங்களில் ஜெயித்து 17-இல் தோற்றவர்! அவர் பெயரின் ஆங்கில எழுத்துகள் வாயில் நுழையாதவை. "இது அச்சுப்பிழை அல்ல" என்று மாணவர் பத்திரிகையே தலைப்பில் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் பருவம் பரவாயில்லை: 17 வெற்றி, 13 தோல்வி. அடுத்தது 10-17. மூன்றாவது 11-17. மொத்தம் 38 வெற்றி, 47 தோல்வி. இதே சமயத்தில் சுமார் பத்து மைலில் சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகம், மைக்கேல் ஜோர்டன் முதலாண்டு மாணவராக ஆடிய அணியோடு 1982-இல் தேசியப் பட்டம் வென்றது. 1983-இல் இன்னொரு அண்டை அணியான வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் வென்றது. இரண்டு பக்கத்து வீட்டிலும் கல்யாணம், நடுவீட்டில் விளக்கில்லை என்ற நிலை. பணம் கொடுக்கும் பழைய மாணவர்கள் சிலர் இவரை அனுப்பிவிடுங்கள் என்று நெருக்கினார்கள்.

1983 மார்ச்சில் அட்லாண்டாவில் வர்ஜீனியாவிடம் 109-66 என்று டியூக் தோற்றது. 43 புள்ளி வித்தியாசம்! அன்றிரவு ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தபோது, இந்த ராத்திரியை மறப்போம் என்று ஒருவர் தண்ணீர்க் கோப்பையை உயர்த்தினாராம். ஷஷெவ்ஸ்கி அவரைத் திருத்தி, ஒருநாளும் மறக்க மாட்டோம் என்று உயர்த்தினார். அக்டோபரில் அடுத்த பருவப் பயிற்சி தொடங்கிய நாளில், பயிற்சி மண்டபத்துப் பலகையில் 109-66 என்ற எண்கள் எரிந்துகொண்டிருந்தன.

தோல்வியின் அளவைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதானால் டியூக் அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் தோற்ற அணியில் யார் ஆடினார்கள் என்று பாருங்கள். ஜானி டாக்கின்ஸ், மார்க் அலேரி, ஜே பிலாஸ், டேவிட் ஹென்டர்சன் நால்வரும் அந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்தவர்கள். ஷஷெவ்ஸ்கி வீடு வீடாகப் போய்ச் சேர்த்த கூட்டம் அது. 1984 ஜனவரியில், கூச்சல் அடங்காத நேரத்தில், பட்டர்ஸ் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை நீட்டித்தார். அந்தப் பருவத்தில் 24 வெற்றி. அந்த நால்வரும் நான்காம் ஆண்டுக்கு வந்த 1986-இல் 37 வெற்றி, 3 தோல்வி; இறுதியாட்டத்தில் லூயிவில்லிடம் 72-69 என்று நழுவியது. பட்டம் கிடைத்தது 1991-இல்தான். அதற்கு முந்திய ஆண்டுகூட இறுதியாட்டத்தில் 30 புள்ளி வித்தியாசத்தில் அடி வாங்கியிருந்தார்கள். ஷஷெவ்ஸ்கி 2022-இல் ஓய்வு பெற்றபோது ஐந்து தேசியப் பட்டங்கள் சேர்ந்திருந்தன.

டியூக் மாணவர்கள் நுழைவுக்காக மண்டபத்துக்கு வெளியே கூடாரம் போட்டுக் குளிரில் தூங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கம் தொடங்கியது 1986-இல். 1983-இல் கூடாரம் இல்லை! ஜெயிக்கும் அணிக்காகக் குளிரில் படுப்பது ஒன்று, தோற்கும் அணிக்காகக் கதகதப்பான மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது வேறொன்று. இரண்டாவதுதான் கஷ்டம் என்பது என் எண்ணம்.

பொறாமையோடு பார்க்கப்பட்ட சேப்பல் ஹில்லுக்கும் பழைய கதை உண்டு. அங்கே பயிற்சியாளர் டீன் ஸ்மித், 1961-62-இல் தம் முதல் பருவத்தில் 8 ஜெயித்து 9 தோற்றார். 1965 ஜனவரியில் ஒரு தோல்விக்குப் பிறகு அணி பேருந்தில் திரும்பியபோது, அவருடைய கொடும்பாவியை மாணவர்கள் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அணி வீரர் பில்லி கன்னிங்ஹாம் இறங்கி ஓடி அதைப் பிய்த்தெறிந்தார். முதல் தேசியப் பட்டம் 1982-இல். வந்த இருபத்தோராவது பருவம்.

இப்படிப்பட்ட கதைகளில் ஓர் ஆபத்து இருக்கிறது. கடைசியில் ஜெயித்தவர்களின் கதைதான் நமக்கு வந்து சேர்கிறது. லூயிவில்லில் 2022-இல் கென்னி பெய்ன் பொறுப்பேற்றார். 1986-இல் டியூக்கை வென்ற அதே அணியில் முதலாண்டு மாணவராக இருந்தவர். ஊருக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி. முதல் பருவம் 4-28, இரண்டாவது 8-24. 2024 மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த பேட் கெல்சி கிட்டத்தட்ட முழு அணியையும் வெளியிலிருந்து திரட்டி, முதல் ஆண்டிலேயே 27-8 என்று முடித்தார். இங்கே பொறுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

கெல்சியால் அது முடிந்ததற்கு விதிகள் மாறியதே காரணம். முன்பெல்லாம் பல்கலைக்கழகம் மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் முதல் மாற்றத்துக்கு அந்தத் தடை நீங்கியது. 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. விளம்பர வருமானத்துக்கு 2021-இல் வழி பிறந்தது. 2025 முதல் பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். நான்கு வருடக் கணக்கு ஒரு வருடக் கணக்காகச் சுருங்கிவிட்டது. மாணவனுக்குக் கையில் காசு வருவது நியாயம்தான். ஆனால் 11-17 பருவத்தில் அடிபட்ட டாக்கின்ஸ் இன்று இருந்திருந்தால், அடுத்த வசந்தத்தில் எத்தனை பேர் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள்!

அதனால் பொறுமையாயிரு என்று பையனிடம் சொல்லும் முன்பு இரண்டு கேள்வி கேளுங்கள். நவம்பரில் திணறிய பையன்கள் பிப்ரவரியில் தேறியிருக்கிறார்களா? போன வருடம் ஆடியவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் அதே சட்டையில் இருக்கிறார்கள்? இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் ஸ்கோரைக் கொஞ்ச நாள் மறக்கலாம். வராவிட்டால் பையன் அலுத்துக்கொள்வதில் தப்பில்லை. அலுப்பு நிர்வாகத்தின் மேல் இருக்கட்டும். கூச்சல் போடும்போது களத்தில் நிற்பவன் தன் வகுப்பில் உட்காருகிற பையன் என்பதை மட்டும் நினைவுபடுத்துங்கள்.

அவனோடு சேர்ந்து ஓர் ஆட்டம் பார்க்க விரும்பினால், அமெரிக்கக் கிழக்குக் கரையில் குளிர்கால மாலை ஏழு மணி நமக்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை. காபி போடுகிற நேரம்தான்.