குணமான பிறகும் திரும்பிய மூளைக் காய்ச்சல்

ஜெலாப்பாங்கில் இருக்கும் மாணவர்களே, வீட்டுப் பெரியவர்களிடம் 1998-ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் நம் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பலருக்குக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. சிலர் நினைவிழந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள்.

முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசுவை ஒழிக்கப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத்தான் தாக்கும். இங்கே படுத்தவர்களோ பன்றிகளோடு பழகிய பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. பன்றிகளே உரக்க இருமின.

விற்கப்பட்ட பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலானுக்கும் போனது. அங்குள்ள சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து, 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு புதிய வைரஸைக் கண்டுபிடித்தார். அதுதான் நிப்பா. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து அது பன்றிகளுக்கு வந்தது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டார்கள், 105 பேர் இறந்தார்கள். சுமார் பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. நோய் நின்றது.

ஆனால் பிழைத்தவர்களின் கதை அதோடு முடியவில்லை. மருத்துவர்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தபோது, 22 பேருக்கு மூளை பாதிப்பு பின்னாளில் வந்ததைக் கண்டார்கள். 12 பேருக்கு இது இரண்டாம் முறை. மற்ற 10 பேருக்கு முதலில் மூளையில் எந்தத் தொல்லையும் தெரியவில்லை. சிலருக்குக் காய்ச்சல்கூட இல்லை! சராசரியாக எட்டு மாதம் கழித்து நோய் தலைகாட்டியது. ஒருவருக்கு 11 ஆண்டுகள் கழித்து வந்தது. அந்த 22 பேரில் 4 பேர் இறந்தார்கள்.

பன்றிகள்தாம் போய்விட்டனவே, பிறகு எப்படி? புதிதாகத் தொற்றவில்லை, பழைய வைரஸே உள்ளே தங்கியிருந்தது என்பதுதான் பொருத்தமான விளக்கம். இறந்த ஒருவரின் மூளையைச் சோதித்தபோது அதன் தடயமும் கிடைத்தது. இரத்தத்தில் ஓடும் வைரஸை நம் எதிர்ப்புச் சக்தி எளிதில் பிடித்துவிடும். நரம்புச் செல்லுக்குள் பதுங்கியதைப் பிடிப்பது கடினம். சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக வெளிவருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

திரும்பி வரும் எல்லா நோயும் இவ்வளவு கொடியதல்ல. மூளையைச் சுற்றியுள்ள உறையில் மட்டும் வீக்கம் வருவது மூளை உறை அழற்சி. ஒருவகை ஹெர்ப்பிஸ் வைரஸ் கீழ் முதுகை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, பெரியவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும். 1944-இல் பிரெஞ்சு மருத்துவர் மொல்லாரே இந்த நோயை விவரித்தார். காரணமான வைரஸ் வெகு காலம் கழித்தே தெரிந்தது. தலைவலியும் கழுத்து விறைப்பும் கடுமையாக இருக்கும். ஆனாலும் சில நாளில் தானே தணியும், பெரும்பாலும் நிரந்தரக் கேடு இராது. உறையோடு நின்றால் பிழைப்பு எளிது; நிப்பா மூளைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

நிப்பாவை முழுதும் அழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அதனால், அந்தக் காலத்தில் பண்ணையில் வேலை செய்த உறவினர் யாருக்காவது திடீரென வலிப்பு வந்தால், அந்தப் பழைய வேலையைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.