கேமரா தேடும் கோணம்

வீராங்கனையின் ஆட்டத்தை விட்டுவிட்டு அவர் உடலைக் காட்டும் வழக்கத்துக்குக் கேமராக்காரர்கள் மட்டும் பொறுப்பாளிகள் இல்லை. சில விளையாட்டுகளில் அது விதிப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பெண்கள் கடற்கரை ஹேண்ட்பாலில் பிகினியின் கீழாடை பக்கவாட்டில் 10 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது, தொடையின் மேற்பகுதியை நோக்கி மேல்சாய்வாக வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்றது சர்வதேச விதி. அதே மணலில் அதே ஆட்டத்தை ஆடும் ஆண்களுக்கோ, முழங்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேல் வரை இறங்கும் ஷார்ட்ஸ். மணலில் பாய்ந்து விழுவதும், எம்பி அந்தரத்தில் சுழன்று கோல் அடிப்பதும்தான் இந்த ஆட்டத்தின் உயிர். ஆடை நழுவுகிறதா என்று ஒரு கவனம் வைத்துக்கொண்டே பெண்கள் இதை ஆட வேண்டியிருந்தது.

2021 ஜூலையில் பல்கேரியாவின் வர்னா நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் நார்வே பெண்கள் அணி இந்த விதியை வெளிப்படையாகவே மீறியது. வெண்கலப் பதக்கத்துக்காக ஸ்பெயினுடன் மோதியபோது அவர்கள் ஷார்ட்ஸ் அணிந்து களமிறங்கினார்கள். ஆளுக்கு 150 யூரோ வீதம் 1,500 யூரோ அபராதம் விழுந்தது. அதைத் தானே கட்டத் தயார் என்றார் அமெரிக்கப் பாடகி பிங்க். பல நாடுகளிலிருந்தும் கண்டனம் எழவே, அந்த ஆண்டு முடிவதற்குள் பிகினிக் கட்டாயத்தை நீக்கும் விதித் திருத்தம் வந்தது. பீச் வாலிபாலில் இதே போன்ற விதி 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தளர்ந்தது.

இந்த விதிகளுக்குப் பின்னால் இருப்பது வியாபாரக் கணக்கு. 2004-இல் ஃபிஃபா தலைவராக இருந்த செப் பிளாட்டர், பெண்கள் கால்பந்து பிரபலமாக வேண்டுமானால் வீராங்கனைகள் இறுக்கமான ஷார்ட்ஸ் அணியலாம் என்றார். 2011-இல் உலக பாட்மிண்டன் கூட்டமைப்பு, பெரிய போட்டிகளில் பெண்கள் ஸ்கர்ட் அல்லது கவுன் அணிந்தே ஆட வேண்டும் என்று அறிவித்தது. ஆட்டம் பார்ப்பதற்கு ஈர்ப்பாக இருக்க வேண்டுமாம். எதிர்ப்பு வலுத்ததால் அது முதலில் தள்ளிப்போனது; 2012-இல் கைவிடப்பட்டது.

கவர்ச்சியைக் காட்டினால் கூட்டம் சேரும் என்ற இந்தக் கணக்கே தப்பு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி ஜோ கேன் வீராங்கனைகளின் பலவிதப் படங்களைப் பார்வையாளர்களிடம் காட்டி ஆராய்ந்தார். கவர்ச்சிப் படங்களை இளம் ஆண்கள் ரசித்தார்கள். ஆனால் அதற்காக ஆட்டம் பார்க்கப் போகும் ஆர்வம் அவர்களுக்கு வந்துவிடவில்லை. பெண்களுக்கும் வயதான ஆண்களுக்கும் அந்தப் படங்கள் பிடிக்கவேயில்லை. ஆட்டத்தின் மீது ஆர்வத்தைத் தூண்டியவை, ஆடும்போது எடுத்த படங்களே. டென்னிஸ் வீராங்கனை அன்னா கோர்னிகோவாவின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. பத்திரிகை அட்டைகளில் அவர் முகம் தெரியாத நாடில்லை. மார்ட்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்து 1999, 2002 ஆண்டுகளில் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்றவர் அவர் என்பதோ பலருக்குத் தெரியாது.

படங்களைப் போலவே கேள்விகளும் வீராங்கனையைச் சிறுமைப்படுத்துகின்றன. 2018-இல் உலகின் சிறந்த கால்பந்து வீராங்கனைக்கான பாலோன் டோர் விருதை முதன்முதலாகப் பெற்ற நார்வேயின் அடா ஹெகர்பெர்க்கிடம், அந்த மேடையிலேயே இடுப்பை ஆட்டி நடனமாடத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லித் திரும்பினார் அவர். 2017 மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு முன்பு இந்திய அணித் தலைவி மிதாலி ராஜிடம், பிடித்த ஆண் கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்டார் ஒரு நிருபர். ஆண் வீரரிடம் பிடித்த பெண் கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்பீர்களா என்று திருப்பிக் கேட்டார் மிதாலி.

வீராங்கனை விரும்பி அழகாக உடுத்துவதில் தவறு ஏதுமில்லை. அதை அவருக்காக வேறொருவர் தீர்மானிப்பதுதான் சிக்கல், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும். 2005-இல் டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவின் குட்டைப் பாவாடையை எதிர்த்து ஒரு மதகுரு குரல் எழுப்பினார். ஊடகங்களும் சானியாவின் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தப் பாவாடையையே பேசித் தீர்த்தன. ஜிம்னாஸ்டிக்ஸில் கணுக்கால் வரை மூடிய உடைக்கு விதி ஏற்கெனவே இடம் தந்திருந்தது. ஆனாலும் 2021-இல் ஜெர்மன் வீராங்கனைகள் அதை அணிந்து வந்தது பெரிய செய்தியானது. வளரும் சிறுமிகளுக்கும் உடுத்துவதில் விருப்பத்தேர்வு உண்டு என்று காட்டவே அப்படி வந்ததாக அவர்கள் விளக்கினார்கள்.

ஒலிம்பிக் நேரடி ஒளிபரப்பைத் தயாரிக்கும் அமைப்பு, டோக்கியோ போட்டியிலேயே உடற்பாகங்களை நெருங்கிக் காட்டுவதைத் தவிர்க்கப்போவதாகச் சொன்னது. 2024 பாரிஸ் போட்டியின்போது, பெண்களை ஆண்களைவிட அதிகம் நெருங்கிப் படமெடுக்கும் பழக்கத்தை விடும்படி கேமராக்காரர்களுக்கு மீண்டும் அறிவுறுத்தியது. ஆனால் பார்வையாளர் கூட்டத்தில் அமர்ந்து படமெடுப்பவரை இந்த அறிவுரை கட்டுப்படுத்தாது. ஜப்பானில் அகச்சிவப்புக் கேமராவால் வீராங்கனைகளின் உடையை ஊடுருவிப் படமெடுத்து இணையத்தில் பரப்பும் கொடுமை நெடுநாளாக நடக்கிறது. அதனால் பாரிஸுக்குப் போன ஜப்பானிய அணிகள் சிலவற்றுக்கு, அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும் துணியில் சீருடை தைத்துக் கொடுத்தது மிசுனோ நிறுவனம்.