அப்பாவின் நோட்டு, அடியேனின் கார்!

என் காருக்கு வயது இருபது. எங்கள் தெருவில் அதே வயதில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் இன்னும் சொந்தக் காலில் நிற்கவில்லை. என் கார் மட்டும் நான்கு காலில் கம்பீரமாக நிற்கிறது. ஒரே ஒரு தடவை, நிற்கக் கூடாத இடத்திலும் நின்றுவிட்டது. அந்தக் கதைதான் இது.

ஹூண்டாய் ஆக்ஸென்ட், 2006 மாடல். இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோவுக்கு அடுத்து 1999-ல் வந்த வண்டி. 2013-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 1,495 சி.சி. பெட்ரோல் இன்ஜின், 94 குதிரை சக்தி. ஐந்தாவது கியரில் எண்பதில் போகும்போது, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்த தாத்தா மாதிரி லேசாக முனகும், அவ்வளவுதான். டவுனில் லிட்டருக்குப் பதினொன்று, ஹைவேயில் பதினைந்து. ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. அதனால் தொண்ணூறைத் தாண்டுவதில்லை என்று மனைவிக்கு சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

வாங்கியவர் அப்பா. ஆன்ரோடு சுமார் ஆறு லட்சம். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டு சாம்பாரில் பருப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கார் வந்த அன்றே டாஷ்போர்டு பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டும் வந்தது. ஆயில் மாற்றினால் தேதி, கிலோமீட்டர், ரூபாய். டயருக்குக் காற்றடித்தால்கூடத் தேதி. பதினைந்து வருஷம் எழுதினார். நடுவழியில் ஒரு நாள்கூட அந்த வண்டி அவரை இறக்கிவிடவில்லை.

2021-ல் கண்ணில் ஆபரேஷன் ஆனதும் சாவியை என்னிடம் கொடுத்தார். கூடவே நோட்டையும். "எழுதிக்கிட்டு வா" என்றார். "சரிப்பா" என்றேன். நான் பி.காம். கணக்கு எழுதுவதைவிட செலவைக் குறைப்பதில்தான் எனக்கு ஆர்வம். ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்தபோது, வாட்ச்மேன் பிடித்துக் கொடுத்த குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். சில நூறு ரூபாய் மிச்சம்! மறு மாதமும் மிச்சம். நோட்டில் மட்டும் எதுவும் எழுதவில்லை.

தம்பிக்குத் திருச்சியில் நிச்சயதார்த்தம். வெள்ளிக்கிழமை, ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பம் என்பதால் ஒன்பதரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளைப் பையன் முதல் நாளே ரயிலில் போய்விட்டான். நிச்சயப் புடவை, வரிசைத் தட்டுகள் எல்லாம் எங்கள் டிக்கியில். விடியற்காலை நான்கு மணிக்குத் தாம்பரத்தைத் தாண்டினோம். விழுப்புரம் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மெல்ல எழுந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். முள் விடவில்லை.

"ஏ.சி.யை நிறுத்து. ஓரங்கட்டு" என்றார் அப்பா.

பானெட்டைத் திறந்தேன். ஒரே ஆவி. ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனவனை, "தொடாதே!" என்று அப்பா அதட்டியதால் என் முகம் இன்று இருக்கிறபடி இருக்கிறது. சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் பீய்ச்சும்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக், ஆறியபின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இது கூலன்ட்டா, சுக்குக் காப்பியா?"

துரு! கூலன்ட் என்பது வெறும் பச்சைத் தண்ணீர் இல்லை. அது கொதிக்கும் அளவை உயர்த்தும். உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும். வெறும் தண்ணீர் இரண்டையும் செய்யாது. அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் சூட்டை வெளியேற்றாது. சூடு தாங்காமல் அலுமினிய ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். எனக்குப் போயிருந்தது. கார் செய்த தப்பு இதில் ஒன்றுமில்லை.

வாடகைக் கார் பிடித்துத் திருச்சி போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். பெண் வீட்டார் ராகு காலம் முடிகிற வரை, பன்னிரண்டு மணி வரை, எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காப்பி மூன்று தடவை வந்தது. சம்பந்தி யாரிடமோ மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "மூத்த பையன் பொறுப்பானவன்னு சொன்னாங்களே..." தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பில் 23,400 ரூபாய் என்று பிற்பாடு தெரிந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

ஆனாலும் பி.காம். மூளை சும்மா இருக்குமா? வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம். ஆறு லட்சம் இருபது வருஷத்தில் சுமார் 23,250 ஆகும். அதாவது, காரின் மொத்த மதிப்பையும் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டேன்!

"என்னங்க, வித்துடலாம்" என்றாள் மனைவி. நியாயம்தான். 2021-ல் ஆர்.சி. புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டிய காருக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பசுமை வரி தனி.

மறுபக்கமும் எழுதிப் பார்த்தேன். ஏழு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 14,500. வருஷத்துக்கு 1,74,000. அதில் பத்தில் ஒரு பங்கைப் பழைய காருக்கு ஒழுங்காகச் செலவழித்தால் அது ராஜா மாதிரி ஓடும். ஒழுங்காக என்பதுதான் முக்கியம். பழைய கார் வைத்திருக்கும், வாங்கப் போகும் தம்பிமார்களே, பட்டவன் சொல்கிறேன்:

கூலன்ட் இடத்தில் கூலன்ட்தான். டைமிங் பெல்ட் ரப்பர். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் வளையும், எனவே எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் உடனே மாற்றுங்கள். டயரின் பட்டன் தேயவில்லை என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் பிறந்தது. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனாலில் சக்தி குறைவு, மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டியின் பெட்ரோல் ஹோஸ்களில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று சர்வீஸுக்கு சர்வீஸ் பார்க்கச் சொல்லுங்கள்.

மாதம் இரண்டாயிரம் ரூபாயைக் காருக்கென்றே தனியாகப் போட்டு வைக்கிறேன். எதுவும் பழுதாகாத மாதத்திலும்!

வண்டி ரிப்பேராகி வந்த அன்று அப்பா என்னைத் திட்டவில்லை. நோட்டைக் கேட்டார். அவருடைய கடைசி வரிக்கும் அன்றைக்கும் நடுவே ஒரு வரிகூட இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து தேதி, கிலோமீட்டர் போட்டு, 'ஹெட் கேஸ்கெட். ரூ. 23,400. காரணம்:' என்று எழுதி, நோட்டை என்னிடம் நீட்டினார்.

காரணத்தை நான்தான் எழுதினேன். 'கூலன்ட் ஊற்றவில்லை.'

போன வாரம் நோட்டின் கடைசிப் பக்கமும் முடிந்துவிட்டது. இன்னொரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தேன். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏண்டா, இருநூறு பக்கமா கிடைக்கலையா?"