வேதம் ஒன்று, விளக்கம் பல!

சாந்தன்பாறை:

ஏலத்தோட்ட வேலைக்காகப் போடிமெட்டு ஏறி வரும் தமிழர்களுக்கு இந்த மலைப்பகுதியில் ஒரு சந்தேகம் எழுவது உண்டு. கத்தோலிக்கர், யாக்கோபாயர், ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா, சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று இத்தனை சபைகள் எதற்கு? எல்லோர் கையிலும் இருப்பது ஒரே வேதம்தானே?

புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் இவர்கள் அனைவருக்கும் பொதுவானவைதான். அவற்றுக்குச் சொல்லும் பொருளில்தான் வழி பிரிகிறது.

பாறை எது?

சாந்தன்பாறையின் பெயரில் பாறை இருப்பதுபோல, மத்தேயு சுவிசேஷம் 16-ஆம் அதிகாரத்திலும் ஒரு பாறை வருகிறது. சீமோனைப் பேதுரு என்று அழைத்து, பாறையின்மேல் தம் சபையைக் கட்டப்போவதாக இயேசு கூறுகிறார். பேதுரு என்ற கிரேக்கப் பெயருக்குக் கல் என்று பொருள்.

பாறை பேதுருவே, அவருடைய வாரிசு ரோமாபுரியின் போப்பாண்டவர் என்பர் கத்தோலிக்கர். ரோமுக்கு முன்பே பேதுரு அந்தியோகியாவில் சிம்மாசனம் நிறுவினார், அது எங்கள் பாத்திரியார்க்கீசுடையது என்பர் யாக்கோபாயர். 18-ஆம் அதிகாரத்தில் கட்டவும் அவிழ்க்கவும் எல்லாச் சீடருக்குமே அதிகாரம் தரப்பட்டதே என்று கேட்பர் ஆர்த்தடாக்ஸார். பாறை என்பது மனிதர் அல்ல, பேதுரு வாயால் அறிக்கையிட்ட விசுவாசமே என்பது சீர்திருத்த சபையாரின் விளக்கம். பழங்காலப் பேரறிஞர் அகுஸ்தீன் இரு விதமாகவும் விளக்கிவிட்டு, முதுமையில், வாசகரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்!

தமிழ்க் கத்தோலிக்கர் முன்பு பேதுருவை இராயப்பர் என்றே அழைத்தனர். இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வந்தது. பெயர் ஒன்றானது, பொருள் ஒன்றாகவில்லை.

குழந்தைக்கு ஞானஸ்நானமா?

அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் பிலிப்பி நகரச் சிறைக்காவலன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெறுகிறான். குடும்பம் என்றால் குழந்தையும் சேர்த்தி என்பர் பழைய சபையார். முதலில் விசுவாசம், பிறகே முழுக்கு என்று மாற்கு 16-ஐக் காட்டுவர் பெந்தெகொஸ்தே சபையார். ஆகவே, சபை மாறிப் போகிறவர்கள் மறுபடி தண்ணீரில் மூழ்கி எழ வேண்டியிருக்கிறது. ஒரே வீட்டுக்குள் மனத்தாங்கல் வருவதும் இதனால்தான்.

தோமா இல்லாத மாலை

கேரளத்தில் ஒரு வேதப்பகுதியின் விளக்கம் பெரும் பிளவுக்கே துணைபோனது. யோவான் 20-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு மூடிய அறைக்குள் வந்து சீடர்கள்மேல் ஊதி, பரிசுத்த ஆவியையும் பாவம் மன்னிக்கும் அதிகாரத்தையும் அளிக்கிறார். அப்போது தோமா அங்கே இல்லை.

மலங்கரை சபைத் தலைவர் முதலாம் ஔகேன், தம்மைத் தோமாவின் சிம்மாசனத்தில் இருப்பவர் என்று குறிப்பிட்டு வந்தார். அந்தியோகியா பாத்திரியார்க்கீஸ் மூன்றாம் யாக்கோபு 1970-இல் அவருக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பகுதியைக் காட்டி, தோமாவுக்குக் குருத்துவமே இல்லை, சிம்மாசனம் ஏது என்றார்.

ஆர்த்தடாக்ஸார் கொதித்தெழுந்தனர். இரு தரப்பாரும் போற்றும் அலெக்சாந்திரியா சிரில் 5-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். மோசே காலத்து மூப்பர்களில் எல்தாத், மேதாத் இருவர் கூடாரத்துக்கு வராமல் பாளயத்திலேயே தங்கியும் ஆவியைப் பெற்றனர். தோமாவும் அப்படியே என்பது அவர் கருத்து.

1975-இல் யாக்கோபாயர் தங்களுக்கெனத் தனித் தலைவரை ஏற்றனர். ஒரே குடும்பத்தார் இரண்டு தரப்பாயினர்.

கல்லறை வாசலில்

பள்ளிகளை 1934-ஆம் ஆண்டுச் சபைச் சட்டப்படியே நிர்வகிக்க வேண்டும் என்று 2017 ஜூலை 3-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் சில ஊர்களில் சவ அடக்கமே தகராறாயிற்று. தாத்தாவைப் புதைத்த இடத்தில் பேரனுக்கு இடமில்லை என்ற நிலை வந்தது. 2020-இல் கேரள அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. எந்தத் தரப்பானாலும், முன்னோர் உறங்கும் பள்ளிக் கல்லறையில் அடக்கம் செய்ய அது வழிசெய்தது. பிரார்த்தனையைத் தங்கள் குருவைக் கொண்டு வேறிடத்தில் நடத்திக்கொள்ளலாம்.

யோவான் 20-ஆம் அதிகாரத்தில் சற்றுத் தள்ளி இன்னொரு செய்தியும் இருக்கிறது. எட்டு நாள் கழித்துச் சீடர்கள் அதே வீட்டில் கூடியபோது தோமாவும் உடன் இருந்தார். அன்று வரவில்லையே என்று அவரை யாரும் வெளியே நிறுத்தவில்லை. அந்த வசனத்தில் மட்டும் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.