40 எம்பிபிஎஸ் நெட் இருந்தும் வீடியோ கால் திணறுதா? வேகம் அல்ல, வரிசைதான் பிரச்னை!

``ஹலோ... கேட்குதா மேடம்? உங்க வாய்ஸ் கட் ஆகுது!''

போன மாதம் என் அக்காவின் ஆன்லைன் நேர்காணலில் எதிர்முனையில் இருந்தவர் இதை ஐந்தாவது முறையாகச் சொன்னபோது, அக்காவின் கண்கள் கலங்கிவிட்டன. குழந்தைக்காக வேலையை விட்டு, நான்கு வருடங்கள் கழித்து வந்த முதல் அழைப்பு அது. வீட்டில் இருப்பதோ 40 எம்பிபிஎஸ் இணைப்பு. வீடியோ காலுக்கு 2, 3 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். அப்புறம் பார்த்தால், அடுத்த அறையில் அப்பாவின் போன் கல்யாண வீடியோக்களை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாத லிஸ்ட்டோடு ஒருவர் நிற்கிறார். கறிவேப்பிலை மட்டும் வாங்க வந்த நீங்கள் அவருக்குப் பின்னால். வீட்டு ரவுட்டரிலும் இதுதான் நடக்கிறது. எல்லாத் தகவல்களும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் வெளியே போகின்றன. நம் பேச்சு, விநாடிக்குச் சுமார் 50 குட்டிப் பொட்டலங்கள். பேக்கப் வீடியோவோ பெரிய பொட்டலங்களை விடாமல் அடுக்குகிறது. இ-மெயில் இரண்டு விநாடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. பேச்சு அப்படியில்லை. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்.

2010-ல் அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ், தன் வீட்டு இணைப்பிலேயே இந்தக் குடைச்சலைக் கண்டுபிடித்தார். மெமரி மலிவானதால், கருவிகளில் காத்திருப்பு இடத்தைத் தாராளமாக வைத்துவிட்டார்கள். வரிசை நீண்டுகொண்டே போனது. இதற்கு `பஃபர்புளோட்' என்று பெயர். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் `கோடெல்' என்ற தீர்வை முன்வைத்தார்கள். பொட்டலம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பார்த்து, வரிசையை நீளவிடாமல் தடுப்பது அதன் வேலை. பின்னால் வந்த `எஃப்கியூ கோடெல்', ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை போட்டு, கறிவேப்பிலைக்காரரை முதலில் அனுப்பிவிடுகிறது.

உங்கள் வீட்டிலும் சோதிக்கலாம். பெரிய ஃபைல் ஒன்றை அப்லோடு செய்துகொண்டே லேப்டாப்பில் பிங் கொடுங்கள். 20, 30 மில்லி செகண்ட் காட்டியது சில நூறுக்குத் தாவினால், வரிசைதான் வில்லன்.

ரவுட்டர் செட்டிங்கில் `கியூஓஎஸ்' அல்லது `எஸ்கியூஎம்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஆன் செய்து, அப்லோடு வேகத்தை ஸ்பீடு டெஸ்ட்டில் வருவதில் 90 சதவிகிதமாகக் குறியுங்கள். `இருக்கிற வேகத்தை நாமே குறைப்பதா?' என்று நானும் முதலில் முறைத்தேன். அப்படிச் செய்தால்தான், வரிசை வெளியே எங்கோ சேராமல் நம் ரவுட்டரிலேயே சேரும். யாரை முதலில் அனுப்புவது என்று அது முடிவெடுக்க முடியும். ஆனால், நம் ரவுட்டர் தரும் முன்னுரிமை வீட்டு வாசலோடு சரி. வெளியே இணையம் அதை மதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

எங்கள் ரவுட்டரில் அந்த வசதியே இல்லை. அந்த நிறுவனம் மறுநாளே இன்னொரு வாய்ப்பு தந்தது. அப்பா போனில் பேக்கப்பை நிறுத்தி, அக்காவின் லேப்டாப்புக்கு லேன் கேபிள் இழுத்தோம். 40 நிமிடங்கள், ஒரு `ஹலோ... கேட்குதா?' கூட இல்லை. முடிவுக்காகக் காத்திருக்கிறோம். அப்பாவின் கல்யாண வீடியோக்கள் இப்போது ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகுதான் ஏறுகின்றன.