கரப்பானும் பார்த்தீனியச் செடியும்

குடியானவர் ஒருவருக்கு முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கையின் உள்மடிப்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து, ஓயாத நமைச்சல் எடுத்து, நாளடைவில் கறுத்துத் தடித்துவிடுமாயின், அதனைக் கரப்பான் என்று சொல்லி வீட்டார் முதலில் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்துவர். பண்டங்களைத் தண்டித்தும் நமைச்சல் தணியாவிடில், தொற்று வியாதியென்று அஞ்சி அவருக்குத் தனிச் செம்பும் தனிப் பாயும் ஒதுக்குவர். இது பெருங் கொடுமை. கரப்பான் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. தொற்றுவது சொறிசிரங்கு; அது பெரும்பாலும் விரலிடுக்குகளில் காணும், இரவில் மிகும், வீட்டில் பலரையும் பற்றும். அதற்கு வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்திட வேண்டும்.

வெயிலும் காற்றும் படும் இடங்களில் மிகுதியாய்க் காணும் கரப்பானுக்குப் பார்த்தீனியம் காரணமா என்று ஆராய்தல் அவசியம். அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய இது, 1955-ஆம் ஆண்டையொட்டிப் பூனாவில் காணப்பட்டுப் பின்னர் தேசமெங்கும் பரவிற்று. காரட்டின் இலை போன்ற இலையும் சிறு வெண்பூக்களும் உடையது. இதிலுள்ள பார்த்தீனின் என்னும் பொருள், உலர்ந்த செடியின் தூளோடு காற்றில் பறந்து தோலில் படியும்; ஆதலால் செடியைத் தொடாதவருக்கும் நோய் வரும். "பல வருஷம் கையாலேயே பிடுங்கினேனே, அப்போது ஒன்றும் செய்யவில்லையே" என்பார் உண்டு. தேகம் பல வருஷம் பொறுத்திருந்து பின்பு ஒருநாள் ஒவ்வாமை கொள்ளும். அதன்பின் சிறிது தூளே போதும்.

நோயுற்றவர் வயலிலிருந்து திரும்பியதும் குளித்து உடை மாற்றுக. வெந்நீரும் காரமான சவர்க்காரமும் ஆகா. ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெய் தடவுதல் நன்று. நகத்தை ஒட்ட வெட்டுக. கடையில் தாமே கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. அது மூன்றே நாளில் குணம் காட்டும். வாங்கியவர் மகிழ்ந்து மாதக்கணக்கில் முகத்தில் பூசுவார். தோல் மெலிந்து, நிறுத்தியதும் நோய் முன்னிலும் கடுமையாய்த் திரும்பும். அம்மருந்தை வைத்தியர் குறித்த நாளளவே இடுக.

ஆயினும் செடி சூழ்ந்திருக்க மருந்தால் மட்டும் பயனில்லை. ஒரு செடி பல்லாயிரம் விதை உதிர்க்கும். ஒருவர் தம் வயலைச் சுத்தம் செய்து, அடுத்த புறம்போக்கைப் பூக்க விட்டால் பாடு வீண். இது சங்கம் கூடிச் செய்யவேண்டிய வேலை. மழைக்குப்பின் மண் இளகியிருக்கையில், பூக்குமுன், கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பயிரிடாத தரையில் மட்டும், லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்புக் கரைத்துத் தெளிக்கலாம். கரப்பானுற்ற அங்கத்தினரை இதற்கு அழைத்தலாகாது. அவர் தம் பங்குக்கு உப்பு வாங்கித் தரட்டும்.