பிராங்காச்சோவின் பிள்ளைகள்

மாணவர்களுக்கு மனோதைரியத்தையும் உள்ள நலத்தையும் போதிக்க வேண்டுமென்று இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். அந்தப் போதனைக்கு எத்தகைய ஆசிரியர் தேவை என்பதை அறிய விரும்புவோர், இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் பாதிரியார் பீனோ புல்யீசியின் சரித்திரத்தை அவசியம் அறிய வேண்டும்.

1937-இல் பிராங்காச்சோ என்னும் ஏழைப் பகுதியில் பிறந்து, பல்லாண்டுகள் பள்ளி உபாத்தியாயராகவும் இருந்த அவர், 1990-இல் அங்கேயே பங்குக் குருவாகத் திரும்பியபோது, ஒரு நடுநிலைப் பள்ளிகூட இல்லாத அவ்விடத்தில், மாஃபியாக் கும்பலின் அதிகாரத்தையே வீரமென்று எண்ணிச் சிறுவர்கள் தெருவில் வளர்வதைக் கண்டார். 1993 ஜனவரியில் அவர் திறந்த 'பாத்ரே நோஸ்த்ரோ' நிலையத்தில் விளையாட்டும் படிப்பும் நடந்தன என்றாலும், அவற்றினூடே பிள்ளைகள் கற்றது, கௌரவம் குற்றத்தால் வருவதன்று என்பதையும், பிறர் தயவாக வீசுவதை உரிமையாகக் கேட்கலாம் என்பதையுமே. அச்சம் சூழ்ந்த தெருவில் வளரும் குழந்தையின் உள்ள நலத்துக்கு மூச்சுப் பயிற்சி போன்றவை மட்டும் போதா. தன்னை நம்பும் பெரியவர் ஒருவர் நித்தமும் அருகிருப்பதே முதல் ஔஷதம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று, தமது 56-ஆம் பிறந்த நாளில், மாஃபியாவினர் அவரை வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றனர். 2013-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. அவர் ஓயாது கோரிய நடுநிலைப் பள்ளி, பிற்பாடு அவர் பெயரையே தாங்கி பிராங்காச்சோவில் எழுந்தது.